திருவுளச் சீட்டும் கணனியும்

‘திருவுளச் சீட்டு’ என்ற சொல் எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு பொருளுக்குப் பலர் உரிமை கோரும்போதோ, இருவரில் ஒருவரைத் தெரிய வேண்டியிருக்கும்போதோ, பெயர்களைக் கடுதாசித் துண்டுகளில் எழுதிச் சுருட்டிப் போட்டு, ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பதுண்டு. வந்த பெயரைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. மனிதர் யாரும் தீர்மானிக்கவில்லை, மேலே உள்ளவர் தீர்மானித்தார் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. இப்போது அந்தக் குழந்தையின் இடத்திலே கணனி வந்து அமர்ந்துகொண்டது. கணனி எடுத்துத் தருவதையும் திருவுளச் சீட்டு என்று சொல்லலாமா? வேடிக்கையான கேள்விபோலத் தோன்றும். ஆனால் எனக்கு நேரில் வந்த ஒரு சங்கடத்தினால் இதைப் பல நாள் யோசிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அயலிலுள்ள சங்கம் ஒன்றுக்கு, வெளிநாட்டிலிருக்கும் அன்பர்கள் சிலர் பன்னிரண்டு தண்ணீர்த் தாங்கிகளை உபயமாகக் கொடுத்தார்கள். அங்கத்துவக் குடும்பங்களோ நாற்பது. கோடையில் எல்லோருக்கும் ஒரே கஷ்டம்; யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று அளந்து சொல்ல எவராலும் முடியாது. ஆகவே சீட்டுப் போடுவதென்று தீர்மானமாயிற்று. பால்மாப் பேணிக்குள் கடுதாசியைப் போட்டுக் குலுக்குகிற காலம் போய்விட்டது என்று யாரோ சொல்ல, கணனி படித்துக்கொண்டிருந்த என் சகோதரியின் மகனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பெயர்ப் பட்டியலுக்கு 1 முதல் 40 வரை இலக்கமிட்டு, மடிக்கணனியை மேசையில் வைத்து, எல்லோரும் பார்த்திருக்க அவன் பொத்தானை அழுத்தினான். இடையில் ஒரு முறை பூச்சியம் வந்தது. அந்த இலக்கம் யாருக்கும் இல்லையே என்று சிரித்துவிட்டு மீண்டும் அழுத்தினான். பன்னிரண்டு பெயர்கள் வந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். கிழமை முடியுமுன் தாங்கிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு மாதம் கழிந்து ஓரிரவு அவன் என் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. “மாமா, நாப்பதாம் நம்பர் வரவே ஏலாது” என்றான்.

பயிற்சிக்காக அதே செய்நிரலை ஒரு இலட்சம் தரம் ஓடவிட்டுப் பார்த்தானாம். ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய இரண்டாயிரத்தைந்நூறு தரம் வந்திருக்கிறது. பூச்சியமும் அப்படியே. நாற்பது மட்டும் ஒரு தரமேனும் வரவில்லை. பட்டியலிலே நாற்பதாவதாக இருந்தவர், எல்லோருக்கும் பின்னர் ஊர் திரும்பிய ஒரு விதவைத் தாய். “ஒருத்தருக்கும் தெரியாது மாமா. சொல்ல வேணுமோ?” என்று கேட்டான்.

நடந்த பிழை மிகச் சிறியது. கணனியிடம் எழுமாற்று எண் ஒன்று கேட்டால், பல மொழிகளில் அது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு பின்னத்தைத் தருகிறது. பூச்சியம் வரலாம், ஒன்று வராது. அதை நாற்பதால் பெருக்கித் தசமப் பகுதியை வெட்டிவிட்டால், 0 முதல் 39 வரையுள்ள முழு எண்களில் ஒன்று கிடைக்கும். அதனோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 1 முதல் 40 ஆகிவிடும். அந்த ஒன்றைக் கூட்ட அவன் மறந்துபோனான். அவ்வளவுதான்.

இந்த விடயத்தில் மொழிக்கு மொழி வழக்கமும் வேறு. ஜாவாவில் நாற்பது என்று எல்லை கொடுத்தால் 39உடன் நின்றுவிடும். பைதனில் ஒரு கட்டளை மேலெல்லையையும் சேர்த்துக்கொள்ளும். அதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளைபோன்ற இன்னொரு கட்டளை மேலெல்லையை விட்டுவிடும். தசமத்தை வெட்டாமல், கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முதலாம் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் மற்றவற்றின் பாதி வாய்ப்புத்தான் கிடைக்கும். திரையிலே பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. வருகிற எண்கள் எப்படியும் தாறுமாறாகவே தோன்றும்.

இன்னொரு பிழை இதைவிட மறைவானது. பழைய சி மொழிக் கணனிகள் பலவற்றில் எழுமாற்று எண் 0 முதல் 32767 வரை, அதாவது 32,768 விதமாக வரும். அதைத் தேவையான எண்ணால் வகுத்து மீதியை எடுப்பது வழக்கம். இருபதினாயிரம் பேர் விண்ணப்பித்த ஒன்றுக்கு இப்படிச் சீட்டுப் போட்டால் என்ன நடக்கும்? முதல் 12,768 பேருக்கு இரண்டு வாய்ப்பு; பிந்திய 7,232 பேருக்கு ஒன்று. யாரும் எவர்மீதும் வஞ்சம் வைக்கவில்லை; ஆயினும் முந்தியவனுக்கு இரட்டிப்பாயிற்று. இதற்குப் பரிகாரம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். ஐந்து பேருக்கு ஆறு முகப் பகடை ஒன்றால் சீட்டுப் போடும்போது ஆறு விழுந்தால் அதை யாருக்கும் கொடுக்காமல் திரும்ப உருட்டுவார்கள். கணனியும் அப்படியே மிஞ்சிய எண்களைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

சீட்டுப் போடுவது சரியா என்ற வினா திருச்சபையில் பழையது. யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் சீட்டினால் தெரிவானார். யேசுவின் அங்கிக்காகச் சேவகர் போட்டதும் சீட்டுத்தான். ஆகவே சீட்டு என்ற கருவி தன்னளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை ஆராய்ந்து, பொருளைப் பங்கிடுவதற்குப் போடும் சீட்டு வேறு, என்ன செய்வதென்று கேட்பதற்குப் போடும் சீட்டு வேறு, வருவதை முன்னறியப் போடும் சீட்டு வேறு என்று பிரித்தார். வேறு வகையில் இணங்க முடியாதவிடத்துப் பங்கிடுவதற்காகச் சீட்டுப் போடுவதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. தேவையின்றிப் போடுவது இறைவனைச் சோதிப்பதாகும் என்றார். திருச்சபைப் பதவிகளுக்குச் சீட்டுப் போடலாகாது என்பதும் அவர் கருத்து. மத்தியாசின் தெரிவு பெந்தகோஸ்து நாளுக்கு முன் நடந்தது. அதற்குப் பின் ஏழு திருத்தொண்டரைச் சீடர்கள் ஆராய்ந்தே தெரிந்துகொண்டார்கள் என்ற நியாயத்தையும் காட்டுகிறார். சிந்தித்துச் செய்ய வேண்டியதைச் சோம்பலினாலோ பயத்தினாலோ சீட்டின் தலையில் போடக் கூடாது என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். எங்கள் சங்கத்தில் அந்தக் குற்றம் இல்லை. அங்கே உண்மையிலேயே வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் சீட்டு எடுக்கும் கைக்கு விருப்பம் இருக்கக் கூடாது என்பதில் பழையவர்கள் மிகக் கவனமாயிருந்தார்கள். எகிப்திலுள்ள கோப்திக் திருச்சபையில், தெரிவின் முடிவில் மிஞ்சும் மூன்று பெயர்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, கண்கட்டிய ஒரு சிறுவன் ஒன்றை எடுப்பான். 2012 நவம்பர் 4ஆம் திகதி இரண்டாம் தவத்ரோஸ் அவ்வாறே தெரிவானார். அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் முன்னரே, சோழ நாட்டு உத்தரமேரூரில் ஊர்ச்சபைக்கு ஆட்களைக் குடவோலையால் தெரிந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் அந்த முறையை வரிவரியாகச் சொல்கின்றன. குடத்தைச் சபை முழுவதும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். பிறகு அவர் வாசிக்க வேண்டும். கூடியிருக்கும் நம்பிமாரும் வாசிக்க வேண்டும். எத்தனை சந்தேகம் இருந்திருந்தால் இத்தனை விதி எழுதியிருப்பார்கள் என்று எண்ணி நான் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை.

கணனிக்குக் கண் இல்லை; ஆகவே கட்டவேண்டியதில்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. சாதாரணக் கணனி எண்ணை எங்கிருந்தோ பிடித்துத் தருவதில்லை. கணக்குச் செய்து தருகிறது. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நொய்மன் கணனியின் ஆரம்ப நாட்களில் ஒரு வழி சொன்னார். ஒரு நான்கிலக்க எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நடுவிலுள்ள நான்கிலக்கத்தை எடு. அதுவே அடுத்த எண். 1234இல் தொடங்கினால் 5227 வரும், பிறகு 3215, பிறகு 3362. பார்ப்பவருக்குத் தாறுமாறு. ஆனால் 1234 என்ற வித்தை அறிந்தவன் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவான். 2500இல் தொடங்கினாலோ 2500 என்றே எக்காலமும் வந்துகொண்டிருக்கும். கணக்கினால் எழுமாற்று எண்ணை உண்டாக்கப் பார்க்கிறவன் பாவ நிலையில் இருக்கிறான் என்று நொய்மனே 1951இல் வெளியான ஒரு கட்டுரையில் வேடிக்கையாக எழுதினார். (1930இல் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவர், பின்னாளில் சமயத்தை அவ்வளவாகப் பாராட்டாதிருந்தவர், 1957இல் மரணப் படுக்கையில் குருவானவரை அழைப்பித்தார். அவருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரிந்தே இருந்திருக்கும்.) இன்று வழிகள் எவ்வளவோ சீர்பட்டுவிட்டன, யந்திரத்தின் உள்ளே எழும் ஒழுங்கற்ற அசைவுகளிலிருந்தும் வித்தைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் வித்தை யார் வைத்தார், செய்நிரலை யார் எழுதினார் என்ற கேள்வி போய்விடவில்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய லொத்தர் நிறுவனமொன்றில் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்தவரே, எண்களை எடுக்கும் கணனிக்குள் சில வரிகளை இரகசியமாகச் சேர்த்துவிட்டார். ஆண்டில் குறிப்பிட்ட மூன்று நாட்களில் மட்டும், வரப்போகும் எண்களை ஒரு சிறு தொகைக்குள் அவர் அடக்கிவிடலாம். மற்ற நாட்களெல்லாம் யந்திரம் நேர்மையாகவே நடந்தது. பரிசோதித்தவர்களும் சரியென்றே எழுதினார்கள். 2010 டிசம்பர் 29ஆம் திகதிச் சீட்டிழுப்பில் அயோவா மாநிலத்தில் விற்ற ஒரு சீட்டுக்கு விழுந்த கோடிக்கணக்கான டொலரை யாரும் நேரே வந்து பெற்றுக்கொள்ளாதபடியால் சந்தேகம் எழுந்து, 2017இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25 ஆண்டு வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தற்செயல் என்பது எமக்குத்தான் தற்செயல் என்பதற்கு அக்குவினாஸ் ஓர் உவமை சொல்வார். ஓர் எசமான் இரண்டு வேலைக்காரரை, ஒருவருக்கு மற்றவரைப் பற்றிச் சொல்லாமல், ஒரே இடத்துக்கு அனுப்புகிறான். அங்கே சந்தித்தவர்கள் இது தற்செயல் என்று வியப்பார்கள்; எசமானுக்கு அது தற்செயலன்று. இறைவனின் பராமரிப்பு அத்தகையது என்கிறார். அயோவாவில் நடந்தது என்ன? அந்த எசமானின் நாற்காலியில் ஒரு மனிதன் ஏறி இருந்துகொண்டான். மற்றவர்களெல்லாம் அதிர்ஷ்டம் என்று நம்பியதை அவன் ஒருவன் அறிந்திருந்தான். இங்கே குற்றம் எதுவென்று சொல்வது இலகு. என் மருமகன் செய்ததில் குற்றம் எதுவென்று சொல்வதுதான் கடினம். அவன் எதையும் அறிந்திருக்கவில்லை. யாருக்கும் எதையும் விரும்பவுமில்லை. உத்தரமேரூர்ச் சிறுவனைப்போல அவன் கை சுத்தமாயிருந்தது. ஆயினும் ஓலை ஒன்று குடத்துக்குள் போடப்படவேயில்லை.

சுத்தமான கை போதாது என்பதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1969 டிசம்பர் முதலாம் திகதி, வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞரைச் சேர்க்கும் வரிசையை அமெரிக்கா சீட்டினால் தீர்மானித்தது. ஆண்டின் 366 திகதிகளை 366 சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டெம்பர் 14. அன்று பிறந்த, வயதெல்லைக்கு உட்பட்டவர்கள் முதலில் அழைக்கப்படுவார்கள். குப்பிகளை மாத வரிசையில் பெட்டியில் இட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்கள் முந்தி முந்தி வெளியே வந்தன. அழைப்பு 195ஆம் இலக்கத்துடன் நின்றபோது, டிசம்பர் மாதத்து 31 நாட்களில் தப்பியவை ஐந்தே ஐந்து. சரியாகக் கலந்திருந்தால் பதினான்கு நாட்களளவில் தப்பியிருக்கலாம். அடுத்த ஆண்டுச் சீட்டுக்கு முறையை மாற்றினார்கள். முதல் ஆண்டில் போனவர்கள் போனவர்கள்தான். பெட்டியை இன்னும் கொஞ்ச நேரம் குலுக்காத அந்தக் கையை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கொலைக்கை என்று சொல்ல முடியாது. குற்றமற்றது என்று சொல்லவும் என் நாக்கு எழவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எம்மவர் பலருக்கு அது பரிச்சயமானது. அமெரிக்க ‘கிறீன் கார்ட்’ சீட்டுக்கு இலங்கையிலிருந்தும் விண்ணப்பித்தவர்கள் உண்டு. 2010 ஒக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஏற்ற விண்ணப்பங்களுக்கு, 2011 மே மாதம் முடிவு வந்தது. உலகெங்கும் சுமார் 22,000 பேர் தாங்கள் தெரிவானதைக் கண்டு மகிழ்ந்தார்கள். சில நாளில் அத்தனையும் இரத்தாயிற்று. தெரிவானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்கள் என்பதும், கணனிச் செய்நிரலின் பிழையே அதற்குக் காரணம் என்பதும் தெரியவந்தது. சட்டமோ, தெரிவு முற்றிலும் எழுமாற்றாக நடக்க வேண்டும் என்கிறது. வென்றவர்கள் வழக்காடினார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலையில் புதிதாகச் சீட்டுப் போட்டார்கள்.

அந்த 22,000 பேருக்காக என் மனம் வாதாடத்தான் செய்கிறது. முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தால் வெல்லலாம் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. அவர்கள் கண்ணும் கட்டியே இருந்தது. பிழை யந்திரத்தினது, அழுகை அவர்களுடையது. ஆனால் மூன்றாம் நாள் விண்ணப்பித்த ஒருவனை எண்ணிப் பார்த்தால் வாதம் நின்றுவிடுகிறது. அவன் தோற்கவில்லை, அவன் சீட்டிலேயே இருக்கவில்லை என்று சொல்லலாம்படி ஆயிற்று. தோற்றவனுக்கு முறையிட இடமில்லை. சேர்க்கப்படாதவனுக்கு உண்டு. அவர்கள் செய்ததைக் கொடுமை என்று சொல்லிக்கொண்டே, சரி என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருமகனுக்கு நான் உடனே சொன்னது, சங்கத்தாரிடம் போய்ச் சொல் என்பதுதான். அதில் எனக்கு யோசனை இருக்கவில்லை. அதன் பிறகு என்ன என்பதில்தான் இருவரும் நடுச்சாமம் வரை முட்டுப்பட்டோம். எல்லாவற்றையும் இரத்துச் செய்து பன்னிரண்டு தாங்கிகளையும் திருப்பி எடுப்பதா? அவை நிலையில் ஏறி, குழாய் பூட்டித் தண்ணீரும் நிறைந்தாயிற்று. அந்தத் தாய்க்கு ஒரு தாங்கியை வாங்கிக் கொடுத்துவிடுவதா? அது கருணையான வழி. நானும் முதலில் அதையே சொன்னேன். ஆனால் மருமகன் ஒரு கணக்கைச் சொன்னான். அவரிடமிருந்து போனது தாங்கியன்று. நாற்பதில் பன்னிரண்டு, அதாவது பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு. தாங்கி கிடைக்காத மற்ற இருபத்தேழு குடும்பங்களும் தங்களுக்குரிய வாய்ப்பைப் பெற்றுத்தான் தோற்றார்கள். அவருக்கு முழுத் தாங்கியைக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன சொல்வது? களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞானோபதேசத்திலே படித்திருக்கிறோம். வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எவரும் படிப்பித்ததில்லை.

சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து நடந்ததைச் சொன்னான். சிலர் கோபித்தார்கள். யந்திரம் விட்ட பிழைக்குப் பிள்ளை என்ன செய்வான் என்றார் ஒருவர். யந்திரம் பிழை விடவில்லை ஐயா, நான்தான் என்றான் அவன். காசு சேர்த்து ஒரு தாங்கி வாங்கிக் கொடுப்போம் என்று பலர் சொன்னார்கள். அந்தத் தாய் பின்வரிசையில் இருந்தார். அவரைக் கேட்டபோது, “எனக்குத் தாங்கி தர வேண்டாம், என்ர சீட்டைத் தாங்கோ” என்றார்.

பால்மாப் பேணி ஒன்று வந்தது. பத்துக் கடுதாசித் துண்டுகள். மூன்றில் புள்ளடி இட்டார்கள். புள்ளடி வந்தால் தாங்கியின் விலையைத் தான் மாதாமாதம் கட்டுவதாக மருமகன் ஒப்புக்கொண்டிருந்தான். அவருடைய பேத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வெறுங்கடுதாசி.

மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. அந்தத் தாய் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தார். மிச்ச ஒன்பதையும் விரித்துக் காட்டச் சொன்னார். தலைவர் ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். மூன்றில் புள்ளடி இருந்தது. அவர் எண்ணிப் பார்த்து, “சரி” என்று சொல்லிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.